குடும்பத்தில் தொடரும் புற்றுநோய்: பிஆர்சிஏ மரபணுக்களின் வரலாறு

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்பவை மனித உடலின் உயிரணுக்களில் உள்ள இரண்டு மரபணுக்கள் ஆகும். சேதமடைந்த டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் புரதங்களை உருவாக்குவது இவற்றின் பணி. இவற்றில் ஒன்று பழுதுபட்ட நிலையில் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்து சேர்ந்தால், அந்தப் பிள்ளைக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய் முதலியவை தோன்றும் வாய்ப்பு பல மடங்கு உயர்கிறது. "அவருக்கு பிஆர்சிஏ மரபணு இருக்கிறது" என்று பேச்சுவழக்கில் சொல்வதுண்டு. அது சரியன்று. அந்த மரபணுக்கள் எல்லோருக்கும் உண்டு. ஒரு சிலருக்கு மட்டுமே அவற்றில் கேடு விளைவிக்கும் பிறழ்வு இருக்கிறது.

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே இவ்வாறு வலுவான பரம்பரைப் பிறழ்வுகளால் ஏற்படுபவை. எனினும், புற்றுநோய் ஆய்வின் போக்கையே மாற்றியவை இந்தச் சிறு பகுதியினரின் குடும்பங்கள்தாம். "எங்கள் வீட்டில் பெண்களுக்கு இந்த நோய் வருகிறது" என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததை அறிவியல் ஏற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கால இடைவெளியின் வரலாறே இக்கட்டுரை.

குடும்பங்களைக் கவனித்த மருத்துவர்கள்

மூளையில் பேச்சுக்குரிய பகுதியைக் கண்டறிந்தவர் என்று அறியப்படும் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்கா, கட்டிகளைப் பற்றி எழுதிய பெருநூலின் முதல் தொகுதியை 1866-இல் வெளியிட்டார். அதில் ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகளை அவர் வரிசைப்படுத்திக் காட்டினார். அக்குடும்பத்துப் பெண்கள் பலர் மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தனர். அது அவருடைய மனைவியின் குடும்பம் என்று வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர். இத்தனை இறப்புகள் தற்செயலாக ஒரே குடும்பத்தில் நேர்ந்திருக்க முடியாது என்பது புரோக்காவின் முடிவு. மெண்டல் தம் பட்டாணிச் செடி ஆய்வை வெளியிட்டதும் அதே 1866-ஆம் ஆண்டில்தான். ஆனால் மெண்டலின் விதிகள் 1900 வரை உலகின் கவனத்துக்கு வரவில்லை. ஆகவே புரோக்கா கண்டதை விளக்கும் கருவி அப்போது யாரிடமும் இல்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த ஆல்டிரெட் வார்த்தின் 1895-இல் ஒரு தையற்காரப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் சோர்ந்திருந்த காரணத்தைக் கேட்டபோது, தம் குடும்பத்தார் பலரைப் போலத் தாமும் வயிறு, குடல் அல்லது கருப்பைப் புற்றுநோயால் இளவயதிலேயே இறந்துவிடுவோம் என்று அந்தப் பெண் கூறினார். அவ்வாறே அவர் பின்னர் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். வார்த்தின் அக்குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913-இல் வெளியிட்டார். மருத்துவ இலக்கியத்தில் அது "ஜி குடும்பம்" என்று வழங்கப்படுகிறது.

எலிகள் தந்த குழப்பம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புற்றுநோயின் பரம்பரைத் தன்மையை விலங்குகளில் ஆராயும் முயற்சிகள் நடந்தன. சிகாகோவைச் சேர்ந்த மௌட் ஸ்லை என்ற பெண் அறிஞர் பல்லாண்டுகள் எலிகளை வளர்த்து, புற்றுநோய்க்கு ஆளாகும் தன்மை மெண்டலின் விதிப்படி பெற்றோரிடமிருந்து வருகிறது என்று வாதிட்டார். மனிதர்களுக்கும் இத்தகைய வம்சாவளிப் பதிவேடுகள் வேண்டும் என்றார். நல்ல வம்சத்தை மட்டும் பெருக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. அக்கொள்கை ஜெர்மனியில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் கண்டபின், மனிதப் பரம்பரையைப் பற்றிய எந்தப் பேச்சையும் பலர் ஐயத்துடன் நோக்கத் தொடங்கினர்.

எலி ஆய்வே இன்னொரு திருப்பத்தையும் தந்தது. மார்பகப் புற்றுநோய் மிகுதியாக வரும் எலி இனத்தையும் அரிதாக வரும் இனத்தையும் கலந்து வளர்த்தபோது, குட்டிகளின் நோய் தாயைப் பொறுத்தே அமைந்தது. தந்தையைப் பொறுத்து அமையவில்லை. மரபணுவே காரணம் என்றால் இருவர் வழியாகவும் வந்திருக்க வேண்டும். ஜாக்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பிட்னர் 1936-இல் இதற்கான விடையை வெளியிட்டார். பிறந்த குட்டிகளை வேறு இனத் தாயிடம் பால் குடிக்க விட்டால் நோய் வெகுவாகக் குறைந்தது. அதாவது, நோய்க்காரணி தாய்ப்பாலில் இருந்தது. அது ஒரு தீநுண்மி என்பது பிறகு உறுதியாயிற்று.

இந்தக் கண்டுபிடிப்பு ஓர் எச்சரிக்கையாக அமைந்தது. குடும்பத்தில் ஒரு நோய் தொடர்ந்து வருவதாலேயே அது மரபணு வழியாக வருகிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரே வீட்டில் வாழ்பவர்கள் உணவையும் பழக்கத்தையும் சுற்றுச்சூழலையும் தொற்றுகளையும் பகிர்ந்துகொள்கிறார்கள். மேலும், மார்பகப் புற்றுநோய் பரவலாக உள்ள நோய் ஆதலால், ஒரு குடும்பத்தில் இருவர் மூவருக்குத் தற்செயலாகவும் வரக்கூடும். எனவே 1970-கள் வரை, மனிதப் புற்றுநோய்க்குத் தீநுண்மிகளும் சுற்றுச்சூழலுமே காரணம் என்ற கருத்தே ஓங்கி நின்றது.

லிஞ்சும் நட்சனும்

அமெரிக்காவின் ஒமாகா நகரில் பயிற்சி மருத்துவராக இருந்த ஹென்றி லிஞ்ச் 1960-களின் தொடக்கத்தில் ஒரு நோயாளியைச் சந்தித்தார். தாம் குடிப்பதற்குக் காரணம், குடும்பத்தில் எல்லோரையும் போலத் தாமும் பெருங்குடல் புற்றுநோயால் இறக்கப்போவதுதான் என்று அந்த மனிதர் கூறினார். லிஞ்ச் அவருடைய உறவினர்களைத் தேடிச் சென்று மருத்துவக் குறிப்புகளையும் இறப்புச் சான்றுகளையும் திரட்டினார். இரண்டு பெரிய குடும்பங்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1966-இல் வெளிவந்தது. வார்த்தினின் ஜி குடும்பத்தையும் அவர் மீண்டும் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். ஆய்வுக்கு நிதி கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் பலமுறை நிராகரிக்கப்பட்டன. இன்று அந்த நோய்க்கு "லிஞ்ச் நோய்த்தொகுதி" என்பதே பெயர். அதற்குக் காரணமான எம்எஸ்எச்2 என்ற மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. 2000-ஆம் ஆண்டில், ஜி குடும்பத்தின் பிறழ்வும் அதே மரபணுவில் இருப்பது தெரியவந்தது. தையற்காரப் பெண்ணின் அச்சத்துக்கு ஒரு நூற்றாண்டு கழித்து விளக்கம் கிடைத்தது.

லிஞ்ச் குடும்பங்களைத் திரட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஆல்பிரட் நட்சன் ஒரு கொள்கையை முன்வைத்தார். குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ஓர் அரிய புற்றுநோயை அவர் ஆராய்ந்தார். 48 குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளைக் கொண்டு 1971-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: ஒரு மரபணுவுக்கு நம்மிடம் இரண்டு படிகள் உண்டு, ஒன்று தாயுடையது, மற்றது தந்தையுடையது. இரண்டும் பழுதானால்தான் கட்டி தோன்றும். சாதாரணமாக ஒரே உயிரணுவில் இரண்டு படிகளும் பழுதாவது மிக அரிது. ஆனால் பிறக்கும்போதே ஒரு படி பழுதாக இருந்தால், உடலின் ஒவ்வோர் உயிரணுவும் பாதித் தொலைவைக் கடந்த நிலையிலேயே வாழ்வைத் தொடங்குகிறது. பரம்பரைப் புற்றுநோய் இளவயதில் வருவதற்கும், இரு கண்களிலும் வருவதற்கும் இதுவே காரணம். "இரு அடிக் கொள்கை" எனப்படும் இது, பரம்பரையாக வரும் புற்றுநோயையும் மற்றவர்களுக்கு வரும் புற்றுநோயையும் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

மேரி-கிளேர் கிங்கின் தேடல்

மேரி-கிளேர் கிங் கணிதம் பயின்று, பிறகு மரபியலுக்கு வந்தவர். சிம்பன்சிக்கும் மனிதனுக்கும் புரதங்கள் ஏறத்தாழ 99 விழுக்காடு ஒத்திருப்பதை ஆசிரியர் ஆலன் வில்சனுடன் சேர்ந்து 1975-இல் காட்டியவர். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சிக் காலத்தில் பறிக்கப்பட்ட குழந்தைகளை அவர்களுடைய பாட்டிமாருடன் சேர்த்துவைக்க மரபியலைப் பயன்படுத்திய பணியாலும் அவர் அறியப்படுகிறார்.

1970-களின் நடுவில் கிங் மார்பகப் புற்றுநோய் ஆய்வைத் தொடங்கினார். ஒற்றை மரபணுவின் பிறழ்வால் இவ்வளவு பரவலான, சிக்கலான ஒரு நோய் வரக்கூடும் என்ற அவருடைய எண்ணத்தைப் பலர் ஏற்கவில்லை. கிங் முதலில் கணித வழியில் சென்றார். 55 வயதுக்கு முன்பே மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களின் 1,579 குடும்பங்களை ஆராய்ந்து, எந்த வகைப் பரம்பரை விதி இந்தத் தரவுகளுக்குப் பொருந்துகிறது என்று பார்த்தார். 1988-இல் வெளிவந்த முடிவின்படி, ஏறத்தாழ 4 விழுக்காடு குடும்பங்களில் நோய், ஓங்குதன்மை கொண்ட ஒற்றை மரபணு வழியாக வருவதாகக் கொண்டால் தரவுகள் நன்கு பொருந்தின. மற்றவற்றில் அவ்வாறு இல்லை. அப்படி ஒரு மரபணு இருக்கக்கூடும் என்பது எண்களிலிருந்து தெரிந்தது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த வினா.

மனித மரபுத்தொகையின் முழு வரிசை அறியப்படாத காலம் அது. குரோமோசோம்களில் ஆங்காங்கே உள்ள, ஆளுக்கு ஆள் வேறுபடும் சில அடையாளக் குறிகளே வழிகாட்டிகள். ஒரு குடும்பத்தில் நோயுற்றவர்கள் எல்லோரிடமும் ஒரே அடையாளக் குறி தொடர்ந்து வந்தால், நோய்க்குரிய மரபணு அக்குறிக்கு அருகில் இருக்க வேண்டும். ஊர் தெரியாத ஒருவரை, அவர் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் எப்போதும் இறங்குகிறார் என்பதைக் கொண்டு தேடுவது போன்றது இது. கிங்கின் குழுவினர் ஒவ்வொரு குறியாகச் சோதித்துக்கொண்டே சென்றனர்.

திருப்புமுனை ஓர் எளிய யோசனையால் வந்தது. 23 பெரிய குடும்பங்களையும், அவற்றில் இருந்த 146 மார்பகப் புற்றுநோயாளிகளையும் ஒன்றாகக் கலந்து பார்த்தபோது தெளிவான விடை கிடைக்கவில்லை. நோய் எந்த வயதில் வந்தது என்பதன்படி குடும்பங்களை வரிசைப்படுத்தியபோது படம் மாறியது. இளவயதில் நோய் வந்த குடும்பங்களில் 17-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் உள்ள ஒரு குறி நோயோடு உறுதியாகத் தொடர்ந்து வந்தது. முதிய வயதில் நோய் வந்த குடும்பங்களில் அந்தத் தொடர்பு இல்லை. இரு வகைகளும் கலந்திருந்ததால்தான் தொடர்பு புலப்படாமல் இருந்தது. 1990 அக்டோபரில் ஒரு மாநாட்டில் அறிவிக்கப்பட்ட இம்முடிவு அதே ஆண்டு டிசம்பரில் "சயின்ஸ்" இதழில் வெளியானது. அந்த மரபணுவுக்கு பிஆர்சிஏ1 என்று பெயர் வைக்கப்பட்டது. மறு ஆண்டில், சூலகப் புற்றுநோய் வரும் குடும்பங்களும் இதே இடத்தோடு தொடர்புடையவை என்பதை பிரான்சைச் சேர்ந்த ழில்பர் லெனுவார் உள்ளிட்ட குழுவினர் காட்டினர்.

மரபணுவைப் பிடிக்கும் பந்தயம்

மரபணு இருக்கும் பகுதி தெரிந்ததும் பல நாடுகளின் குழுக்கள் அதைத் தனித்துப் பிரித்தெடுக்கப் போட்டியிட்டன. பகுதி தெரிந்தது என்றாலும், அதற்குள் பல மரபணுக்கள் இருந்தன. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஸ்கால்னிக், மிரியட் ஜெனிட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். யூட்டாவில் வாழும் மார்மன் சமயத்தார் தம் வம்சாவளியை மிக விரிவாகப் பதிவுசெய்து வைக்கும் வழக்கம் உடையவர்கள். பெரிய குடும்பங்களைத் தேடும் ஆய்வுக்கு அது அரிய செல்வமாக அமைந்தது. 1994 அக்டோபரில் ஸ்கால்னிக்கின் குழு பிஆர்சிஏ1 மரபணுவின் வரிசையை வெளியிட்டது. அது 1,863 அமினோ அமிலங்களைக் கொண்ட புரதத்தை உருவாக்கும் பெரிய மரபணு.

இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்டிராட்டன் தலைமையிலான குழு, 17-ஆம் குரோமோசோமோடு தொடர்பில்லாத குடும்பங்களை ஆராய்ந்து வந்தது. 1994-இல் 13-ஆம் குரோமோசோமில் இரண்டாவது மரபணுவின் இடம் கண்டறியப்பட்டது. முதலில் ஸ்டிராட்டன் குழுவும் ஸ்கால்னிக் குழுவும் சேர்ந்தே உழைத்தன. மரபணுவுக்குக் காப்புரிமை பெற்று அதன் பயனை ஒரு நிறுவனம் தன்வசம் வைத்துக்கொள்ளலாமா என்ற வினாவில் அவர்கள் பிரிந்தனர். 1995 டிசம்பரில் ஸ்டிராட்டன் குழு பிஆர்சிஏ2 மரபணுவை "நேச்சர்" இதழில் வெளியிட்டது.

மரபணுவின் பணி என்ன?

டி.என்.ஏ. என்பது முறுக்கிய ஏணி போன்றது. கதிர்வீச்சாலோ, உயிரணு பெருகும்போது நேரும் பிழையாலோ அதன் இரு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோவது உண்டு. இதுவே மிகவும் ஆபத்தான சேதம். அறுந்த இடத்தை, பிழையில்லாத மறுபடியைப் பார்த்து அப்படியே எழுதிச் சரிசெய்யும் முறை ஒன்று உயிரணுவில் உண்டு. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 புரதங்கள் அந்தப் பணியில் முக்கியப் பங்கு வகிக்கின்றன. இவை இல்லாதபோது உயிரணு அறுந்த முனைகளைப் பிழையோடு ஒட்டவைக்கிறது. பிழைகள் சேரச்சேரப் புற்றுநோய் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது.

ஆகவே பரம்பரையாக வருவது புற்றுநோய் அன்று. பழுதுபார்க்கும் திறனில் ஏற்படும் ஒரு குறையே பரம்பரையாக வருகிறது. நட்சன் சொன்னபடி, மற்றொரு படியும் ஏதேனும் ஓர் உயிரணுவில் பழுதான பின்னரே நோய் தொடங்க முடியும். பிறழ்வு உள்ள ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு. பிள்ளை ஆணா பெண்ணா என்ற வேறுபாடு இதில் இல்லை. தந்தை வழியாகவும் பிறழ்வு வரும் என்பதைப் பலர் உணர்வதில்லை. தந்தைவழி அத்தைமாருக்கு நோய் இருந்தும் "அம்மா வழியில் யாருக்கும் இல்லை" என்று நிம்மதி அடைவது தவறாகும். ஆண்களுக்கு பிஆர்சிஏ2 பிறழ்வால் புரோஸ்டேட் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பும் கூடுகிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட பிஆர்சிஏ2 படிகள் வந்தால், குழந்தைக்கு ஃபான்கோனி இரத்தசோகை என்ற கடுமையான நோய் வரக்கூடும் என்பது 2002-இல் தெரியவந்தது. ஒரே பிறழ்வு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு நெருங்கிய உறவில் மணம் செய்துகொள்வோரிடையே கூடுதல்.

ஆபத்து எவ்வளவு?

1990-களின் நடுவில் வெளியான மதிப்பீடுகள் அச்சமூட்டுவனவாக இருந்தன. பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ள பெண்களில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு 70 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் என்று அவை கூறின. ஆனால் அந்தக் கணக்குகள், ஏற்கெனவே பலருக்கு நோய் வந்த குடும்பங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. நோயால் பெரிதும் தாக்கப்பட்ட குடும்பங்களையே தேர்ந்தெடுத்து அளந்தால் அளவு உயர்ந்துதான் தெரியும்.

கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடையே மூன்று குறிப்பிட்ட பிறழ்வுகள் பரவலாக இருப்பது இக்காலத்தில் கண்டறியப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ 40 பேருக்கு ஒருவரிடம் இவற்றுள் ஒன்று உண்டு. மிகச் சிறிய கூட்டமாக இருந்த முன்னோர்களிடமிருந்து பெருகிய சமூகங்களில் இவ்வாறு நிகழ்வதுண்டு. வாஷிங்டன் பகுதியில் 5,300-க்கும் மேற்பட்ட யூதத் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வு, 70 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பை 56 விழுக்காடு என மதிப்பிட்டது. பிறழ்வு உள்ளவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 பிறழ்வில் 72 விழுக்காடு, பிஆர்சிஏ2 பிறழ்வில் 69 விழுக்காடு. சூலகப் புற்றுநோய்க்கு இவை முறையே 44, 17 விழுக்காடு.

கிங்கின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. பிறழ்வு உள்ள பெண்களில் 1940-க்கு முன் பிறந்தவர்களுக்கு 50 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 24 விழுக்காடாகவும், 1940-க்குப் பின் பிறந்தவர்களுக்கு 67 விழுக்காடாகவும் இருந்தது. மரபணுவின் பிறழ்வு அதேதான். மாறியது வாழ்க்கை முறை. இளம்பருவத்தில் உடலுழைப்பு மிகுந்தும் உடற்பருமன் இல்லாமலும் இருந்தவர்களுக்கு நோய் தாமதமாகவே வந்தது. பரம்பரையா சுற்றுச்சூழலா என்று நெடுங்காலம் நடந்த வாதத்தில் இரு தரப்பும் ஓரளவு சரியே என்பதை இது உணர்த்தியது.

மரபணு யாருக்குச் சொந்தம்?

மிரியட் நிறுவனம் 1990-களின் இறுதியில் இரு மரபணுக்களுக்கும் அமெரிக்கக் காப்புரிமைகளைப் பெற்றது. அதனால் அந்நாட்டில் பிஆர்சிஏ சோதனையை வணிக முறையில் செய்யும் உரிமை நடைமுறையில் அந்த ஒரே நிறுவனத்திடம் இருந்தது. முழுச் சோதனைக்கு 3,000 டாலருக்கு மேல் ஆயிற்று. காப்பீடு இல்லாத பெண்கள் தம் உடலில் உள்ள மரபணுவைப் பற்றி அறிய இயலவில்லை. முடிவை வேறோர் ஆய்வகத்தில் சரிபார்க்கவும் வழியில்லை.

2009 மே மாதத்தில் மருத்துவ அமைப்புகளும் ஆய்வாளர்களும் நோயுற்ற பெண்களும் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிந்ததற்காக அதைத் தமதாக்கிக்கொள்ள முடியுமா என்பதே வழக்கின் மையம். 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டாலும் இயற்கையான டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை இல்லை. ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்படும் படி டி.என்.ஏ.வுக்குப் பெறலாம் என்பது தீர்ப்பு. தீர்ப்பு வந்த உடனேயே வேறு ஆய்வகங்கள் குறைந்த விலையில் சோதனை செய்ய முன்வந்தன.

அத்தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்னர், நடிகை ஏஞ்சலினா ஜோலி தமக்கு பிஆர்சிஏ1 பிறழ்வு இருப்பதையும், நோய் வருமுன்பே இரு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதையும் நாளிதழ் கட்டுரை ஒன்றில் அறிவித்தார். அவருடைய தாயார் 56 வயதில் புற்றுநோயால் இறந்தவர். அக்கட்டுரைக்குப் பின் பல நாடுகளில் சோதனைக்கு வருவோரின் எண்ணிக்கை உயர்ந்தது.

அறிந்தபின் செய்யக்கூடியவை

பிறழ்வு உள்ளது என்று தெரிந்தால் பல வழிகள் உண்டு. இளவயதிலேயே தொடங்கி எம்.ஆர்.ஐ. முதலிய சோதனைகளால் தொடர்ந்து கண்காணிக்கலாம். குழந்தைப் பேறு முடிந்தபின் சூலகங்களையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்ளலாம். சூலகப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய நம்பகமான சோதனை இல்லாததால் மருத்துவர்கள் இதை வலியுறுத்துகின்றனர். மார்பகங்களை அகற்றினால் அப்புற்றுநோயின் வாய்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்தப் பெண்ணின் வயது, குடும்பநிலை, விருப்பம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஆகவேதான் சோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை தேவை.

மரபணுவின் குறையே சிகிச்சைக்கு வழியாகவும் ஆயிற்று. பிஆர்சிஏ செயலிழந்த புற்றணுக்கள், டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் வேறொரு வழியை நம்பியே பிழைக்கின்றன. பார்ப் என்ற நொதியைத் தடுத்து அந்த வழியையும் குலைத்தால் அவை மடிகின்றன. நல்ல உயிரணுக்கள் தப்புகின்றன. 2005-இல் இரு குழுக்கள் இதை ஆய்வகத்தில் காட்டின. இவ்வகை மருந்துகளில் முதலாவதான ஒலாபரிப் 2014 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

சிறிய மாறுபாடுகளும் தெளிவற்ற முடிவுகளும்

குடும்பத்தில் புற்றுநோய் தொடரும் எல்லா வீடுகளுக்கும் பிஆர்சிஏ விடையன்று. பிஏஎல்பி2, செக்2, ஏடிஎம் முதலிய வேறு மரபணுக்களும் பின்னர் இனங்காணப்பட்டன. 2007 முதல், பல்லாயிரம் நோயாளிகளின் மரபுத்தொகையையும் நலமுடையோரின் மரபுத்தொகையையும் ஒப்பிடும் ஆய்வுகள் மிகச் சிறிய விளைவுடைய மாறுபாடுகளைக் கண்டறிந்து வருகின்றன. இவற்றில் ஒவ்வொன்றும் தனியாக ஆபத்தைச் சற்றே கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. பல சேரும்போது குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டாகிறது. ஒருவரிடம் இவை எத்தனை உள்ளன என்பதைக் கணக்கிட்டு ஆபத்தை அளவிடும் முயற்சிகள் நடைபெறுகின்றன.

இங்கே ஒரு நீதிப் பிரச்சினை உள்ளது. இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வழிவந்தவர்கள். அவர்களுக்காகக் கணக்கிடப்பட்ட அளவுகோல் மற்றவர்களுக்கு அதே துல்லியத்துடன் பொருந்துவதில்லை. மேலும், ஆய்வு குறைவாக நடந்த மக்களிடம் சோதனை செய்யும்போது, கேடானதா தீங்கற்றதா என்று சொல்ல முடியாத மாறுபாடுகள் அதிகம் வெளிப்படுகின்றன. அத்தகைய முடிவை வைத்து அறுவை சிகிச்சைக்கு முடிவெடுக்கக் கூடாது என்பது மருத்துவ நெறி.

தென்னிந்தியாவில் இவ்வாய்வு நடந்த இடங்களுள் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் குறிப்பிடத்தக்கது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அங்குள்ள ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்திலிருந்து தென்னிந்தியக் குடும்பங்களில் பிஆர்சிஏ பிறழ்வுகளைத் தேடிப் பதிவுசெய்தனர். அஷ்கெனாசி யூதர்களிடையே பரவலாக உள்ள பிஆர்சிஏ1 பிறழ்வு ஒன்று தென்னிந்தியக் குடும்பங்கள் சிலவற்றிலும் காணப்பட்டது. இந்தியக் குடும்பம் ஒன்றில் அதைச் சுற்றியுள்ள அடையாளக் குறிகளை ஒப்பிட்ட ஆய்வு, அங்கே அது தனியே தோன்றியது என்ற முடிவுக்கு வந்தது. ஒரே எழுத்துப்பிழை இரு வேறு நாடுகளின் ஏடுகளில் தனித்தனியே நேர்வதைப் போன்றது இது.

வரலாறு தரும் பாடம்

புரோக்காவின் அட்டவணையிலிருந்து இன்றைய மரபணுச் சோதனை வரை, ஒவ்வொரு கட்டத்திலும் முதல் தடயத்தைத் தந்தவர்கள் நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களுமே. யார், எந்த வயதில், எந்த நோயால் இறந்தார் என்பதை நினைவில் வைத்திருந்த குடும்பங்கள் இல்லாவிட்டால் வார்த்தினுக்கும் லிஞ்சுக்கும் கிங்குக்கும் ஆராய ஒன்றும் இருந்திருக்காது. நம் சமூகத்தில் புற்றுநோயை வெளியே சொல்லாமல் மறைப்பதும், "வயிற்றுவலியால் போனார்" என்று முடித்துவிடுவதும் இன்றும் உண்டு. பெண்ணின் திருமணம் தடைப்படும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். ஆனால் தாய்வழி, தந்தைவழி ஆகிய இரு பக்கங்களிலும் மூன்று தலைமுறைகளின் நோய் வரலாற்றை எழுதி வைத்திருப்பது, செலவில்லாத முதல் மரபியல் சோதனை எனலாம். அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கு மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.